இரண்டு ஏணி என்று சொன்னவருக்கு

என்னைப் பங்குதாரர் ஆக்காமல் இருப்பதற்கு நீங்கள் சொன்ன காரணங்கள் அத்தனையும் பொய். இதை உங்கள் முகத்துக்கு நேராகவே ஒருமுறை சொன்னேன். நீங்கள் கோப்பியைக் கலக்கிக்கொண்டே சிரித்தீர்கள். அச்சில் வந்தால் அப்படிச் சிரிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு விஷயம் புரியட்டும். மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சாக இருந்த காலம் அது. வெள்ளைக்காரத் துரைகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாங்குவதற்கு டவுனில் ஆள் இருந்தார்கள். அரிசிக்கடைச் சீன முதலாளியான தவுக்கே, துணிக்கடை ராவுத்தர், வட்டிக்கடைச் செட்டியார் என்று எல்லாரிடமும் வசதி இருந்தது. ரப்பர் மரத்தை மட்டும் மோட்டார் காடியில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இவர்களுக்கு யோசனை சொல்ல காஜா பெராங் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில் நீங்கள் ஆபீஸ் திறந்தீர்கள். எந்தத் தோட்டத்தை வாங்கலாம், வாங்கினால் எப்படி நடத்தலாம், எத்தனை ஆள் வைக்கலாம், எந்த மரத்தை வெட்டிவிட்டுப் புதிதாக நடலாம் என்று சொல்வதுதான் தொழில். நீங்கள் ஒரு பெரிய தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தவர். துரைமார் எப்படி நாற்காலியில் சாய்வார்கள் என்பது உங்களுக்கு அத்துப்படி. அந்தச் சாய்வை அப்படியே ஆபீஸுக்குக் கொண்டுவந்தீர்கள்.

கணக்கரை விட்டால் உங்களுக்குக் கீழே இரண்டு பேர். ஒருவன் நான். மரம் பார்ப்பது என் வேலை. வெட்டுப்பட்ட பட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கத்தி கட்டைவரைக்கும் போய்க் காயம் பட்டிருக்கிறதா, விற்கிறவர் சாலையோர மர நிரைகளை மட்டும் சுத்தம் செய்துவிட்டு உள்ளே லாலான் புல்லை வளரவிட்டிருக்கிறாரா, இதெல்லாம் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொருவர் எனக்குப் பிறகு வந்தவர், என்னைவிட இளையவர். பேசுவது அவர் வேலை. நான் கண்டதை அவர் வாடிக்கையாளரிடம் போய்ச் சொல்வார். இவரைத் தம்பி என்றே இங்கே எழுதுகிறேன். ஆபீஸிலும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

தோட்டம் பார்க்கப் போகும் வழக்கத்தைச் சொன்னாலே போதும். காடியின் பின்சீட்டில் நீங்களும் வாடிக்கையாளரும். முன்சீட்டில் தம்பி, கழுத்தைத் திருப்பிப் பேசிக்கொண்டே வருவார். நான் அதற்கு முன்பே பஸ் ஏறி, இறங்கி, நடந்து போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். "நிபுணர் முன்கூட்டியே போய்ப் பார்க்கணும், அதான் முறை" என்பீர்கள். நான் பார்த்து முடித்ததும் ஒரு மரத்தடியில் தம்பியிடம் காதோடு காதாகச் சொல்வேன். அவர் போய் அதையே சர்க்கரை போட்டுச் சொல்வார். பிறகு நீங்கள் மூவரும் பசியாறப் போவீர்கள். நான் பஸ்ஸுக்குப் போவேன்.

பங்கு யாருக்கு என்ற பேச்சு, தொழில் நன்றாக ஓட ஆரம்பித்ததும் வந்தது. ஒரு பங்குதாரரைச் சேர்த்துக்கொள்ளப் போவதாக நீங்களே சொன்னீர்கள். மூத்தவன் நான். எனக்குத்தான் என்று நினைத்தேன். கேட்டும் விட்டேன். நீங்கள் என் தோளில் கை வைத்தீர்கள்.

"இதோ பாருப்பா, நம்ம ஆபீஸ்ல ரெண்டு ஏணி இருக்கு. ஒண்ணு பங்குதாரர் ஏணி. இன்னொண்ணு நிபுணர் ஏணி. ரெண்டும் ஒரே உசரம். ஒண்ணுல ஏறுறவன் இன்னொண்ணுல ஏற முடியாது."

"என் ஏணி எங்கே போய் முடியுதுங்க ஐயா?"

"மரியாதைல."

அடுத்த வாரமே எனக்குக் கை வைத்த நாற்காலி வந்தது. வாசலில் 'ரப்பர் நிபுணர்' என்று பலகையும் மாட்டினீர்கள். கீழே நடைபாதையில் பலகாரம் விற்ற, மலாக்காவின் பழைய சிட்டி சமூகத்து அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் அர்த்தம் கேட்டார். நெற்றியில் பொட்டு, காதில் தோடு, கோயிலுக்கு நம்மைவிட அதிகமாகப் போகிறவர், ஆனால் பேச்சு முழுக்க மலாய். தம்பி ஏதோ பெரிதாக விளக்கினார். அம்மாள் கேட்டு முடித்து, "ஓ, துக்காங் போக்கோக்" என்றார். மரத்துவேலைக்காரன் என்று அர்த்தம். என் பதவியை அவர் சரியாகப் புரிந்துகொண்டார்.

நான் விடவில்லை. மறுபடியும் கேட்டேன். அப்போதுதான் உங்கள் முதல் காரணம் முழுசாக வந்தது. "நீ பங்குதாரர் ஆயிட்டா மரம் யாருப்பா பார்க்கிறது? உன்னை மாதிரி இன்னொருத்தன் மலாக்காவிலேயே கிடையாது." அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் வேடிக்கை. வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

என் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நல்லா உழுகிற மாட்டை யாராச்சும் அவிழ்த்து விடுவாங்களா?" என்றாள்.

"என்னை மாடுங்கிறியா?"

"மாட்டுக்குப் பலகை மாட்ட மாட்டாங்க. அதுதான் வித்தியாசம்." மீனைச் சட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டே அவளே சொன்னாள்: "மரம் பார்க்க வேற ஆள் இல்லேங்கிறது தானே அவர் சொல்ற சாக்கு? ஆளை உண்டாக்குங்க. அந்தத் தம்பிக்கே சொல்லிக்கொடுங்க. அப்புறம் என்ன சாக்கு சொல்றார்னு பார்ப்போம்."

இப்படி ஒரு யோசனைக்கு நம் ஆபீஸ் நல்ல கட்டணம் வாங்கியிருக்கும். எனக்கு அன்று மீன் குழம்போடு சும்மா கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியைப் பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கம் ஒரு சின்ன ரப்பர்க் காட்டுக்கு அழைத்துப் போனேன். முதல் நாள் பளபளப்பான சப்பாத்தோடு வந்தார். பாதி நிரை போவதற்குள் காலில் அட்டை ஏறி, ஒற்றைக் காலில் நின்று நடனம் ஆடினார்.

"அண்ணே, இது என்னை உறிஞ்சுது."

"முதலாளி உறிஞ்சுறப்ப சும்மா இருக்கே. இதுக்கு மட்டும் குதிக்கிறே."

"அண்ணே, எதுக்கு எனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுக்கிறீங்க? நெசத்தைச் சொல்லுங்க."

நான் மறைக்கவில்லை. "நான் இல்லாட்டியும் மரம் பார்க்க ஆள் இருக்குன்னு ஐயாவுக்குத் தெரியணும். அப்பத்தான் எனக்குப் பங்கு கிடைக்கும்."

அவர் அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு யோசித்தார். "அப்ப நான் ஒழுங்காக் கத்துக்கிட்டா உங்களுக்குத்தான் லாபமா? இது நல்ல கணக்கா இல்லையே."

"ஏன்?"

"ஒண்ணும் இல்லைண்ணே. கத்தியைக் கொடுங்க."

ஆள் கெட்டிக்காரர். பட்டையில் கத்தி முனையை லேசாக இறக்கி ஆழம் பார்க்க, பழைய காயத்தைத் தடவி வயது சொல்ல, நிரையின் முன்பக்கத்தை நம்பாமல் நடுக்காட்டுக்கு நடக்க, எல்லாம் படித்துக்கொண்டார். நான் மலைமாதிரி நினைத்திருந்த வித்தை, அட்டைக்குப் பயப்படுகிற ஒருவர் சில மாதங்களில் பிடித்துக்கொள்ளக்கூடியதுதான் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தைவிட என் திட்டம் பெரிது.

மெர்டேக்கா வந்தது. அந்த வருஷத்து ஆயுத பூஜையும் வந்தது. நம் ஆபீஸில் அந்தப் பூஜைக்கு நீங்கள் வைத்திருந்த சட்டம் எல்லாருக்கும் தெரியும். காலையில் அவரவர் தொழில் கருவியைச் சாமிக்கு முன்னால் வைக்க வேண்டும். மறுநாள் காலை வரை தொடக்கூடாது. முந்தைய வருஷம் அவசரத்துக்குப் பேனாவை எடுத்த நம் கணக்கரை நீங்கள் போட்ட சத்தம் கீழே பலகாரம் வாங்க நின்றவர்களுக்கும் கேட்டது.

என் வெட்டுக்கத்தியையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக் குங்குமம் இட்டேன். நீங்கள் பேனாவை வைத்தீர்கள். தம்பி வெறுங்கையோடு நின்றார்.

"உன் கருவி எங்கேப்பா?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

நான் முந்திக்கொண்டேன். "அவர் வாயைத்தான் வைக்கணும். வெச்சா நாளைக்குக் காலை வரைக்கும் ஆபீஸ் நிம்மதியா இருக்கும்."

தம்பிதான் முதலில் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

பூஜை முடிந்து சுண்டல் கையில் இருக்கும்போதே கிளேபாங்கிலிருந்து ஒரு தவுக்கே மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். அவர் பார்த்து வைத்திருந்த தோட்டத்தின் துரை மறுநாள் கப்பல் ஏறுகிறாராம். அன்று மாலைக்குள் வாங்குவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். காடி கீழே நிற்கிறது.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "கிளம்பு. கத்தியை எடுத்துக்கோ."

"சாமிக்கு வெச்சதைத் தொடலாமாங்க ஐயா?"

உங்கள் முகம் போன போக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. சட்டம் உங்களுடையது. கணக்கரும் அங்கேதான் நின்றார்.

"அப்ப தோட்டத்துல யார்கிட்டயாவது கத்தி கேட்டு வாங்கிக்கோ."

"வாங்கலாம். தம்பி போய் வாங்கட்டுங்க. அவரே பார்த்துச் சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்சது எல்லாம் இப்ப அவருக்கும் தெரியும்."

"இவருக்கா?"

"ஆமாங்க ஐயா," என்றார் தம்பி அடக்கமாக.

தவுக்கே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாதாட நேரம் இல்லை. நீங்களும் தம்பியும் அவரோடு இறங்கிப் போனீர்கள். நான் என் கை வைத்த நாற்காலியில் சாய்ந்துகொண்டேன், நீங்கள் சாய்கிற மாதிரியே.

நம் மூவருக்கும் ஒன்று தோன்றவில்லை. தோட்டத்தில் மட்டும் ஆயுத பூஜை இல்லையா? பால் வெட்டி முடித்ததும் அத்தனை வெட்டுக்காரர்களும் கத்தியைக் கழுவி, தொழிலாளர் லயத்துக் கோயிலில் குவித்து வைத்துவிட்டார்கள். அங்கே ஒருவர் கையிலும் கத்தி கிடையாது. பூசாரியிடம் கேட்டால் அடிக்க வந்திருப்பார். வருஷம் முழுக்க ரப்பர்த் தோட்டத்தில் புரள்கிற எனக்கு இது தோன்றாமல் போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆபீஸில் நடந்தது. கணக்கரும் வீட்டுக்குப் போய் நான் தனியாக இருந்தபோது டவுனில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் வந்தார். அதுவரை அவர் தம்பியிடம் மட்டுமே பேசியிருக்கிறார். சின்னதாக ஒரு தோட்டம் வாங்க வேண்டும், யோசனை சொல்லுங்கள் என்று உட்கார்ந்தார். வாடிக்கையாளரிடம் நான் பேசக்கூடாது என்பது உங்கள் உத்தரவு. காரணம் என்ன? முன்பு ஒரு செட்டியாரிடம், "இந்தத் தோட்டத்தை வாங்குறதுக்குப் பதிலா இதே பணத்தைக் கடல்ல போட்டா மீனாவது பார்க்கும்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரியா தப்பா என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. சொன்ன விதத்தைப் பற்றித்தான் பேசினீர்கள்.

"தோட்டத்தை யாரு பார்த்துக்குவாங்க?" என்று ராவுத்தரைக் கேட்டேன்.

"என் மச்சான்."

"அவருக்கு ரப்பர் தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது. அதான் அங்கே அனுப்புறேன்."

"கடையிலேயே வெச்சுக்கலாமே?"

"வெச்சிருந்தேங்க. இன்னும் கொஞ்ச நாள் வெச்சா கடை இருக்காது."

"அப்ப கடை போகக்கூடாது, தோட்டம் போனாப் பரவாயில்லையா?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நானே தொடர்ந்தேன்.

"மச்சானை டவுனை விட்டு அனுப்பணும், அவ்வளவுதானே? அதுக்குப் பஸ் டிக்கெட் போதும். தோட்டம் வேண்டாம். நெசமாவே தோட்டம் வேணும்னா முதல்ல ஒரு நல்ல கங்காணியைப் பிடிங்க. அப்புறம் மரத்தைப் பார்ப்போம்."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இத்தனை நாளா இந்த ஆபீஸுக்கு வர்றேன். எல்லாரும் எனக்கு ஆமாம் போட்டீங்க. என் வீட்டுக்காரி சொல்றதை இன்னிக்குத்தான் இங்கே ஒருத்தர் சொல்றார். இனிமே எனக்கு நீங்கதான் பேசணும்." சுண்டல் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனார். மச்சான் தோட்டத்துக்குப் போகவில்லை. ராவுத்தர் நம் ஆபீஸை விட்டும் போகவில்லை.

சாயங்காலம் நீங்கள் திரும்பினீர்கள். தோட்டத்தில் நீங்கள் காடியிலேயே தூங்கிவிட்டீர்கள் என்று தம்பி பிறகு சொன்னார். தம்பி அங்கே என்ன செய்தார் தெரியுமா என்று வாசகர்களைக் கேட்கிறேன். கத்தி இல்லை என்று தெரிந்ததும் தவுக்கேயைக் காடியில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தார். சாமி கும்பிட்டார். பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்த வெட்டுக்காரர்களிடம் மழையைப் பற்றிப் பேசினார், பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். பொங்கல் முடிவதற்குள் எந்த நிரையில் பால் நின்றுவிட்டது, எங்கே விற்பதற்காகவே மரத்தைச் சாறு பிழிகிற மாதிரி வெட்ட வைத்தார்கள் என்று எல்லாம் அவர்களே கொட்டிவிட்டார்கள். பிறகு நான் சொல்லிக்கொடுத்தபடி நடுக்காட்டுக்கு நடந்து, காயங்களைக் கையால் தடவிப் பார்த்து, அவர்கள் சொன்னது சரிதான் என்று உறுதி செய்துகொண்டார். பாதித் தோட்டம்தான் உயிரோடு இருக்கிறது, அதற்குத் தகுந்த விலைக்குக் கேளுங்கள் என்று தவுக்கேயிடம் சொன்னார்.

மறுநாள் காலை பூஜையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு, ஒருவரும் சொல்லாமலே பஸ் ஏறிப் போய் நானும் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. நான் பட்டையில் கண்டுபிடிக்கிறதை அவர் பந்தியில் கண்டுபிடித்துவிட்டார். எனக்குப் பொறாமை இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது விசில் அடித்துக்கொண்டே வந்தேன். மரம் பார்க்க ஆள் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் பேச எனக்கும் வருகிறது. உங்களிடம் இனி என்ன காரணம் மிச்சம்?

நேராக உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் என்னைப் பேசவிடவில்லை.

"முடிவு பண்ணிட்டேன்பா. தம்பியைப் பங்குதாரரா சேர்த்துக்கிறேன். அவருக்குப் பேச்சும் தெரியுது, மரமும் தெரியுது. ரெண்டும் தெரிஞ்ச ஆள் கிடைக்கிறது அபூர்வம்."

"எனக்கும் ரெண்டும் தெரியுதுங்க ஐயா. துணிக்கடை ராவுத்தரைக் கேளுங்க."

"கேட்டேன். அது ஏதோ தற்செயல்."

"ரெண்டு ஏணியும் ஒருத்தர் ஏற முடியாதுன்னீங்களே?"

"நீங்க சொன்ன காரணம் அத்தனையும் பொய்யுங்க ஐயா" என்றும் சொன்னேன். அப்போதுதான் நீங்கள் கோப்பியைக் கலக்கினீர்கள். சிரித்தீர்கள். "நீ நிபுணரா இருந்தாத்தான்பா உனக்கு மரியாதை" என்றீர்கள். நான் மாடியை விட்டு இறங்கினேன். நாற்காலியை அங்கேயே விட்டேன். பலகையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்தபோது என் மனைவி, "அடுப்புக்கு ஆகும்" என்றாள். ஆனது.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உஜோங் பாசிரில் என் வீட்டு முன்னறையிலேயே தனியாகத் தொழில் நடத்தினேன். ராவுத்தர்தான் முதல் ஆளாக வந்தார். மரமும் நானே பார்த்தேன், பேச்சும் நானே பேசினேன். திட்டு வாங்கவே சிலர் தேடி வந்தார்கள். தம்பியோடு எனக்கு இன்றுவரை ஒரு மனவருத்தமும் இல்லை. பங்குதாரர் ஆனதும் பலகாரப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, நான் வேணாம்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா உன்னை முட்டாள்னு திட்டியிருப்பேன்."

"உங்களுக்கு மரம் மட்டும்தான் தெரியும்னு ஐயா ஒரு நாளும் நினைச்சதில்லைண்ணே."

"பின்னே?"

"நீங்க அவருக்குச் சமமா உட்கார்ந்தா, தோட்டத்தைப் பார்க்கிற மாதிரியே அவரையும் பார்ப்பீங்களாம். 'இந்த மரத்துல பால் இல்லை'ன்னு வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிருவீங்களாம். அந்தப் பயம்தான். என்கிட்டயே சொன்னார்."

நான் நிஜமாகவே அப்படிச் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம்.

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் கிளறுகிறேன்? போன மாதம் சங்க மண்டபத்தில் வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு நீங்கள் புத்தி சொன்னீர்களாம். "எங்க ஆபீஸ்ல யாரையும் தடுத்ததில்லை, அவரவர் விரும்பின இடத்துல அவரவர் இருந்தாங்க" என்றீர்களாம். பிள்ளைகள் கை தட்டினார்களாம். கை தட்டியவர்களில் என் மகனும் இருந்தான். வீட்டுக்கு வந்து, "அப்பா, நீங்களா விரும்பித்தான் அந்த ஆபீஸ்ல கடைசி வரைக்கும் மரம் பார்த்தீங்களா?" என்று கேட்டான். பதில் நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சொல்ல வேண்டும்.

ஐயா, தம்பி என்னிடம் சொன்னது உண்மையா பொய்யா? உங்கள் முன்னால் உண்மை பேசுகிற ஒருவன் சமமாக உட்காரக்கூடாது என்பதற்காகத்தான் என்னை நிபுணர் ஆக்கினீர்களா? ஆமாம் அல்லது இல்லை. எனக்குக் கடிதம் போட வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். அடுத்த சங்கக் கூட்டத்தில், அதே ஒலிபெருக்கியில், அதே பிள்ளைகள் முன்னால் சொல்லுங்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.